சேலை அலமாரி, ஆறுக்கு எட்டு

நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில்
இருபத்திரண்டு அடி அகலம், எழுபது அடி நீளம்.
இரண்டு பக்கமும் அடுத்தவன் சுவர்.
ஆவுடைநாயகத்தின் வத்தல் மண்டி கீழே,
குடும்பம் மேலே.
"அவ்வளவுதான் மேடம்.
யாவாரத்துக்கு வாரவன் வீட்டைப் பாக்கக்கூடாது,
வீட்டுக்கு வாரவன் சாக்கை மிதிக்கக்கூடாது."

இடம் அளந்த அன்றைக்கே எனக்குத் தும்மல்.
டேப்பின் மறுமுனையில் செய்யது மசூது
மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு
எண்களைச் சொன்னான். பாதி கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள்.
ப்ளாரன்ஸ் நகரத்து மாளிகை, ஐந்நூறு வருஷப் பழசு.
ஃபேன் ஓடவில்லை, பாதிப் பேர் தூக்கம்.
எனக்கு மட்டும் ஏனோ அந்தக் குறுக்குவெட்டு
கண்ணில் நின்றுவிட்டது.
தரையில் கம்பளிப் பொதி, எண்ணெய்ச் சாடி, கணக்கர்கள்.
அதற்குமேல் சித்திரம் தீட்டிய கூடம்.
எல்லாவற்றுக்கும் உச்சியில், கூரைக்கடியில் அடுப்பு,
புகை கீழே இறங்காதே.
படுக்கையறையை ஒட்டி
பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை.
அதில் வீட்டுக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு
யார் எவ்வளவு தரவேண்டும் என்று பார்ப்பான்,
பார்த்துவிட்டு அப்படியே போய்ப் படுப்பான்.
அரண்மனை என்றால் சிம்மாசனம் என்றிருந்தவளுக்கு
அதுவும் ஒரு மண்டிதான் என்று தெரிந்ததில்
கொஞ்சம் ஏமாற்றம், நிறைய சந்தோஷம்.

அந்த நினைப்பில்தான்
சமையலை இரண்டாம் மாடிக்கு ஏற்றினேன்,
நடுவில் முற்றம் வெட்டி
வத்தல் நெடியை வானத்துக்கு அனுப்பினேன்.

வரைபடத்தை விரித்ததும் அவர் கேட்டது ஷட்டரை:
லாரி பின்னால் வந்து நிற்குமா?
நிற்கும்.
எடைமேடை? இங்கே. லோடுமேன்கள் கைகழுவ? இங்கே.
கல்லா? விரல் வைத்துக் காட்டினேன்.
போதும் என்று எழுந்துவிட்டார்.

சங்கரவடிவு எழுந்திருக்கவில்லை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
மாடிப்படிகளைப் பென்சில் முனையால் எண்ணினாள்.
"நாப்பத்துநாலு.
கல்லா இத்தனையும் ஏறி வரணும்.
ராத்திரி ஒம்பதுக்கு ஷட்டரை இறக்குவாங்க.
அதுக்கப்புறம்தான் எனக்குக் கடை திறக்கும்.
அரிசி டிரம் மூடிமேல நோட்டை வச்சு
குண்டூர் லோடு எவ்வளவு,
விளாத்திகுளத்துக்காரன் பாக்கி எவ்வளவு,
ஜிஎஸ்டி எவ்வளவு,
பதினேழு வருஷமா, குக்கர் விசிலுக்கு நடுவில.
ஒருக்க ரசம் கொட்டிட்டு.
ஆடிட்டர் கேட்டாரு, என்னம்மா நோட்டுல காயவாசம்னு."

ஆவுடைநாயகம் வாசலில் நின்று
காலிலேயே கிடந்த செருப்பைத் தேடினார்.

நான் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தேன்.
கடை, கிட்டங்கி, ஹால், பூஜை, மாஸ்டர் பெட்ரூம்.
அவள் உட்கார்ந்த இடம் எந்தக் கோட்டுக்குள்ளும் இல்லை.
அந்தப் பழைய படத்திலும்
கதவைச் சாத்திக்கொண்டவன் ஒருத்தன்தான்.
அவன் பெண்டாட்டி எங்கே இருந்து எண்ணினாள் என்று
பரீட்சையில் யாரும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

"அலமாரிக்குன்னு விட்டிருக்கியளே, ஆறுக்கு எட்டு,
சேலையை எல்லாம் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிடுதேன்.
இதுல ஒரு மேசை.
சன்னல் ரோட்டுப்பக்கம் வேண்டாம்.
முற்றத்துப்பக்கம் வைங்க, எடைமேடை தெரியணும்.
மூடையில நாலு கிலோ குறைஞ்சா
போடுத சத்தத்துலயே தெரியும்.
ஆனாலும் பாக்கணும்லா."

"அப்ப நான் எங்க உக்கார?" வாசலிலிருந்து கேள்வி.
"கீழ. எப்பவும்போல."

ஸ்கேல் இல்லாமல் அவளே கோடு போட்டாள், சற்றுக் கோணலாக.
மறுநாள் அதை நேராக்கும்போது செய்யது மசூது கேட்டான்,
அறைக்கு என்ன பேர் எழுத?
ஸ்டடியா, ஆபீஸா?
போன் போட்டேன். பின்னால் விசில் சத்தம்.
"ஆபீஸ்னு எழுதினா கார்ப்பரேஷன்காரன்
மாடிக்கும் சேத்து கடை வரி போட்ருவான்.
சேலை அலமாரின்னே இருக்கட்டும்."

அப்படியே எழுதினோம்.
கதவுக்கு நேரே, சின்ன எழுத்தில்,
உள்தாழ்ப்பாள் என்று குறித்தேன்.
சேலைக்கு எதுக்கு உள்தாழ்ப்பாள் என்று
கான்ட்ராக்டர் கேட்பார்.
கேட்கட்டும்.